தலைகீழாய்த் திரும்பிய குரோமோசோம்!

வாழைப்பழம் கொஞ்சம் அதிகமாகக் கனிந்து விட்டால் போதும்... எங்கிருந்தோ குட்டிக் குட்டி ஈக்கள் வந்து மொய்க்கும். பார்த்திருக்கிறீர்கள் தானே, குட்டீஸ்? அதைப் பழ ஈ என்பர். நாம் கையை வீசி விரட்டி விடுவோம். ஆனால், அந்தப் பழ ஈக்களில் ஒரு வகையைத் தேடி மலை மலையாக அலைந்தார் ஒரு விஞ்ஞானி. பூமியில் புதிய புதிய உயிரினங்கள் எப்படி உண்டாகின்றன என்ற பெரிய கேள்விக்கு, அந்தச் சின்ன ஈயின் உடம்புக்குள் விடை தேடினார். அவர் பெயர் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி.

1900ம் ஆண்டு, ஜனவரி 25ம் தேதி, நெமிரிவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த அந்த ஊர், இப்போது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அப்பா கிரிகோரி, பள்ளியில் கணித ஆசிரியர், அம்மா சோபியா. நீண்ட நாள் குழந்தை இல்லாமல் இருந்த இவர்கள், தியோடோசியஸ் என்ற புனிதரை வேண்டிக் கொண்டனர். பிறந்த ஒரே பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்து விட்டனர். வேண்டுதலில் பிறந்த பிள்ளைக்குச் சாமி பெயர் வைப்பது நம் ஊரில் மட்டும் அல்ல, பாருங்கள்!

தியோடோசியசுக்குப் பத்து வயதானபோது, குடும்பம் கீவ் நகரின் எல்லைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி விட்டதும் வண்ணத்துப்பூச்சி பிடிக்கக் கிளம்பி விடுவான் அவன். பனிக்காலத்தில் பூச்சிகள் கிடைக்காதே... அப்போது பொழுது போக ஆசிரியர் ஒருவர் வழி செய்தார். பள்ளியில் இருந்த மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்த அனுமதி தந்தார். பன்னிரண்டு வயதிலேயே, வளர்ந்ததும் உயிரியல் அறிஞன் ஆவது என்று முடிவு செய்து விட்டான்.

பதினாறு வயதை நெருங்கும்போது, விக்டர் லுச்னிக் என்ற இளைஞரைச் சந்தித்தான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால், வண்டுகளைப் பற்றிக் கரைத்துக் குடித்தவர். அழகாக இருக்கிறது என்று எல்லாப் பூச்சிகளையும் பிடித்துக் கொண்டிருந்தால் ஒன்றும் தேறாது, ஏதாவது ஒன்றை எடுத்துக் கொண்டு ஆழமாகப் படி என்று புத்தி சொன்னார் அவர். தியோடோசியஸ் தேர்ந்தெடுத்தது, பொறிவண்டு. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகளோடு, பொத்தான் அளவுக்கு இருக்குமே, அது!

இந்தச் சமயத்தில் ஊரே கலவரமாக இருந்தது. முதல் உலகப் போர், அதை அடுத்துப் புரட்சி, உள்நாட்டுச் சண்டை. வீட்டில் பல நாள் பட்டினி. அதற்கு நடுவிலும் பொறிவண்டுகளைப் பற்றி எழுதிய அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை, 1918ல் அச்சானது. அப்போது அவருக்கு வயது 18.

கீவ் பல்கலைக் கழகத்தில் 1921ல் பட்டம் பெற்றார். 1924ல் நடாஷா என்ற பெண்ணை மணந்தார். நடாஷாவும் மரபியல் படித்தவர். கடைசி வரை கணவரின் ஆராய்ச்சியில் கூடவே இருந்து உழைத்தவர். அதே ஆண்டு, லெனின்கிராடில் யூரி பிலிப்சென்கோ என்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் டாப்ஜான்ஸ்கி. அங்கே தான் பழ ஈ ஆராய்ச்சியில் இறங்கினார். அந்த நாட்களில் பழ ஈ ஆராய்ச்சிக்குப் பெயர் போனவர், அமெரிக்காவில் இருந்த தாமஸ் ஹன்ட் மார்கன். அவரிடம் சென்று படிக்க உதவித்தொகை கிடைத்தது. 1927ம் ஆண்டு டிசம்பர் 27ம் தேதி, டாப்ஜான்ஸ்கியும் நடாஷாவும் நியூயார்க் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டே மார்கன் தன் ஆய்வுக்கூடத்தைக் கலிபோர்னியாவுக்கு மாற்ற, இவர்களும் உடன் சென்றனர்.

இனி கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், எளிது தான்!

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் போன்ற குரோமோசோம்கள் உள்ளன. மனிதருக்கு 46. இவற்றில் பாதி அப்பாவிடம் இருந்தும், பாதி அம்மாவிடம் இருந்தும் வந்தவை. கண் நிறம், உயரம் போன்றவற்றுக்கான ஜீன்கள், இந்தக் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்திருக்கின்றன. ரயில் வண்டியில் பெட்டிகள் கோத்திருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

ஒரு ரயிலில் 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9 என்று ஒன்பது பெட்டிகள். நடுவில் உள்ள நாலு பெட்டிகளை மட்டும் கழற்றி, திருப்பி மாட்டி விட்டால்? 1, 2, 6, 5, 4, 3, 7, 8, 9 என்று ஆகி விடும். ஒரு பெட்டியும் தொலையவில்லை. புதிதாக ஒன்றும் சேரவில்லை. வரிசை மட்டும் மாறி விட்டது. குரோமோசோம்களிலும் இப்படி நடப்பது உண்டு. ஏதோ ஒரு ஜீவனிடம், எப்போதோ ஒருமுறை, குரோமோசோம் இரண்டு இடத்தில் அறுந்து, நடுத்துண்டு தலைகீழாக ஒட்டிக் கொள்கிறது. சில நேரம் ஒரு குரோமோசோமின் துண்டு, வேறொரு குரோமோசோமில் போய் ஒட்டிக் கொள்ளும். இரண்டு குரோமோசோம்கள் சேர்ந்து ஒன்றாகி விடுவதும் உண்டு. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. ஏன் தெரியுமா? நம் மூதாதையர் ஒருவரிடம் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக் கொண்டன. அந்த ஒட்டு இன்றும் நம்முடைய இரண்டாம் குரோமோசோமில் தெரிகிறது!

இந்த மாற்றத்திற்கும் புது உயிரினம் தோன்றுவதற்கும் என்ன சம்பந்தம்?

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அது நன்றாகச் சுமை இழுக்கும். ஆனால், மிக மிக அரிதாகத் தவிர, அதற்குக் குட்டி பிறக்காது. அதனால் தான் குதிரை குதிரையாகவும், கழுதை கழுதையாகவும் தனித் தனி இனங்களாக இருக்கின்றன. இரண்டு கூட்டத்துக்கு நடுவே இப்படி ஒரு சுவர் எழும்பி விட்டால், அவை வெவ்வேறு சிற்றினம் என்கிறது விஞ்ஞானம். டாப்ஜான்ஸ்கிக்கு வேண்டியது, அந்தச் சுவர் எப்படி எழும்புகிறது என்பது. டார்வின், 1859ல் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகத்தில் புது இனங்கள் தோன்றுவதைப் பற்றித் தான் எழுதியிருந்தார். ஆனால், அவர் காலத்தில் ஜீன் என்ற ஒன்றே யாருக்கும் தெரியாதே!

கலிபோர்னியா காடுகளில் ஒரு பழ ஈ உண்டு. பெயர் கொஞ்சம் நீளம்... ட்ரோசோபிலா சூடோஅப்ஸ்க்யூரா. இதில், 'ஏ' என்றும், 'பி' என்றும் இரண்டு வகைகள் இருப்பதாக 1929ல் லேன்ஸ்பீல்டு என்ற விஞ்ஞானி அறிவித்திருந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கும், வித்தியாசமே தெரியாது. ஆனால், 'ஏ'யையும் 'பி'யையும் சேர்த்து வளர்த்தால், பிறக்கும் பெண் ஈக்களுக்கு முட்டை உண்டாகிறது; ஆண் ஈக்களுக்கோ வாரிசே உண்டாவதில்லை. பாதிச் சுவர் கட்டி முடிந்து, மீதி இன்னும் எழும்பாத வீடு மாதிரி! ஓர் இனம் இரண்டாகப் பிரிவதைப் பாதி வழியில் பிடித்து விட்டோம் என்று டாப்ஜான்ஸ்கி மகிழ்ந்தார்.

சரி, குரோமோசோமை எப்படிப் பார்ப்பது? சாதாரண செல்லில் அது மிகச் சிறியது. பெட்டிகளின் வரிசையெல்லாம் தெரியாது. இங்கே தான் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. பழ ஈயின் புழுவுக்கு உமிழ்நீர்ச் சுரப்பி உண்டு. அந்தச் சுரப்பியின் செல்களில் மட்டும், குரோமோசோம் தன்னைத் தானே பல நூறு தடவை படியெடுத்துக் கொண்டு, பிரியாமல் கட்டுக் கட்டாகச் சேர்ந்து, கயிறு போல் தடித்து நிற்கும். குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். இதை வைத்து ஜீன் வரிசையையே படிக்கலாம் என்று, 1933ல் டெக்சாசில் இருந்த பெயின்டர் என்ற விஞ்ஞானி காட்டினார். டாப்ஜான்ஸ்கி உடனே அந்த முறையைப் பிடித்துக் கொண்டார். சீனாவில் இருந்து அவரிடம் படிக்க வந்த டான் என்ற மாணவர், 1935ல், 'ஏ'யின் குரோமோசோம்களையும் 'பி'யின் குரோமோசோம்களையும் ஒப்பிட்டார். என்ன கண்டார் தெரியுமா? சில குரோமோசோம்களில் பெரிய பெரிய துண்டுகள் தலைகீழாகத் திரும்பி இருந்தன!

அதோடு முடியவில்லை. 'ஏ' வகைக்குள்ளேயே, மூன்றாவது குரோமோசோம் மலைக்கு மலை வேறு வேறு வரிசையில் இருந்தது. டாப்ஜான்ஸ்கியும், அவரது நண்பரும் மார்கனின் பழைய மாணவருமான ஸ்டர்டெவன்டும் சேர்ந்து, அந்த வரிசைகளுக்கு ஊர்ப் பெயர், மலைப் பெயர் எல்லாம் வைத்தனர். பைக்ஸ் பீக், சான்டா குரூஸ், ஆரோஹெட் என்று பெயர்ப் பட்டியல் நீண்டது.

இப்போது ஒரு புதிர். காகிதம், பென்சில் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதல் ரயில்: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9.
இரண்டாம் ரயில்: 1, 2, 6, 5, 4, 3, 7, 8, 9.
மூன்றாம் ரயில்: 1, 2, 6, 5, 8, 7, 3, 4, 9.

முதல் ரயிலில் ஒரே ஒரு துண்டைத் திருப்பி, மூன்றாம் ரயிலைக் கொண்டு வர முடியுமா? எத்தனை முறை முயன்றாலும் முடியாது. நடுவில் இரண்டாம் ரயில் வந்தே ஆக வேண்டும். அப்படியானால், இரண்டாம் ரயில் மற்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொந்தக்காரர் என்று புரிகிறது அல்லவா? இதே தந்திரத்தைக் கொண்டு, ஈக்களின் வம்சாவளிப் படத்தையே 1936ல் வரைந்தனர் இருவரும். ஒரு இடத்தில் நடு ரயிலைக் காணவில்லை. அங்கே இப்படித்தான் ஒரு வரிசை இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கண்ணால் காணாத அதற்கு, 'ஊகித்தது' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்து விட்டனர். எலும்பு இல்லை, புதைபடிவம் இல்லை. உயிரோடு பறக்கும் ஈயை வைத்தே அதன் முப்பாட்டனைக் கண்டுபிடிப்பது என்றால் சும்மாவா!

இதற்காக அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. டெத் வேலி என்ற கொதிக்கும் பாலைவனத்தைச் சுற்றி உள்ள பதினொரு மலைத் தொடர்களில் ஏறி ஈ பிடித்தார். மசித்த வாழைப்பழத்தைப் புளிக்க வைத்து, மரத்தடியில் வைத்து விட்டுக் காத்திருக்க வேண்டும். ஈக்கள் வருவது, காலையில் கொஞ்ச நேரம், அந்தி சாயும்போது கொஞ்ச நேரம் தான். மலைப் பாதையில் குதிரை சவாரி செய்வது என்றால் டாப்ஜான்ஸ்கிக்குக் கொள்ளை ஆசை. ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடந்த மற்ற பழ ஈ விஞ்ஞானிகளுக்கும் அவருக்கும் இருந்த பெரிய வித்தியாசமே இது தான். வண்ணத்துப்பூச்சி பிடித்த சிறுவன் அவருக்குள் கடைசி வரை இருந்தான். வருத்தமான விஷயம், ஸ்டர்டெவன்டுடன் இருந்த நட்பு சில ஆண்டுகளில் கசந்து விட்டது.

ஆண்டு முழுவதும் ஒரே மலையில் ஈ பிடித்துப் பார்த்தபோது இன்னொரு ஆச்சரியம். சான் ஜசின்டோ மலையில், ஒரு வரிசை உள்ள ஈக்கள் வசந்த காலத்தில் குறைந்தன; கோடையில் கூடின. அடுத்த ஆண்டும் அப்படியே! அதுவரை, வரிசை எப்படி இருந்தாலும் ஈக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று தான் அவர் எண்ணியிருந்தார். இதைப் பார்த்ததும் தன் கருத்தை மாற்றிக் கொண்டார். மூடிய பெட்டிகளில் ஆயிரக்கணக்கான ஈக்களை வளர்த்து, 1946ல் சூவல் ரைட் என்ற கணக்குப் புலியுடன் சேர்ந்து சோதித்தார். வெதுவெதுப்பான சூட்டில் வைத்த பெட்டியில், ஒரு வரிசை தலைமுறைக்குத் தலைமுறை பெருகியது. குளிர்ந்த பெட்டியிலோ மாற்றம் இல்லை. இயற்கைத் தேர்வு, கண் முன்னே பெட்டிக்குள் நடந்தது.

அது சரி, ஆண் ஈக்களுக்கு ஏன் வாரிசு இல்லை? குரோமோசோம் தலைகீழானதால் தான் என்று சட்டென்று சொல்லி விடத் தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. அக்கா ஈயிடமும் தம்பி ஈயிடமும், திரும்பிய துண்டுகள் இருக்கின்றன. ஆனாலும், அக்காவுக்கு முட்டை உண்டாகிறதே! டாப்ஜான்ஸ்கி, 'ஏ'யையும் 'பி'யையும் பல தலைமுறை கலந்து வளர்த்து, எந்தக் குரோமோசோம் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். 1936ல் விடை கிடைத்தது. குற்றவாளி, வரிசை அல்ல. ஒத்துப் போகாத ஜீன்கள். 'ஏ'யின் ஜீன்கள் தங்களுக்குள் நன்றாக வேலை செய்யும். 'பி'யின் ஜீன்களும் அப்படித் தான். இரண்டும் கலந்தால் தான் தகராறு. ஒரு பூட்டின் சாவியை வேறு பூட்டில் போட்டது போல.

அப்படியானால், தலைகீழாய்த் திரும்பிய துண்டுகளுக்கு இதில் வேலையே இல்லையா? இந்தக் கேள்வி அரைகுறையாகவே நின்றது.

அந்த ஆண்டு, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை விரிவாகி, 1937ல், 'மரபியலும் இனங்களின் தோற்றமும்' என்ற பொருள் தரும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. டார்வின் கருத்தையும் ஜீன் ஆராய்ச்சியையும் இணைத்துப் பாலம் கட்டிய புத்தகம் அது. அதே ஆண்டு அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1944ல், கார்ல் எப்லிங் என்பவருடன் சேர்ந்து, 'பி' வகை ஈ தனி இனமே என்று அறிவித்து, அதற்கு பெர்சிமிலிஸ் என்று பெயர் சூட்டினார். லத்தீனில், மிகவும் ஒத்திருப்பது என்று அர்த்தம். பொருத்தமான பெயர் தானே!

தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சோவியத் ரஷ்யாவில், லைசென்கோ என்பவர் ஆட்சியாளர்களின் ஆதரவோடு, ஜீன் என்பதே பொய் என்று பிரசாரம் செய்து வந்தார். ஜீன் ஆராய்ச்சி செய்தவர்கள் வேலை இழந்தனர். பலர் சிறைக்குப் போயினர். உலகம் எங்கும் சுற்றி விதைகள் சேகரித்த மாமேதை வவிலோவ், 1940ல் கைதாகி, 1943ல் சிறையிலேயே இறந்தார். டாப்ஜான்ஸ்கி அவரை நன்கு அறிந்தவர். அந்த இழப்பு அவரை உலுக்கியது. லைசென்கோ எழுதிய புத்தகம் ஒன்றைத் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1946ல் வெளியிட்டார். ஏன் தெரியுமா? அதில் உள்ள உளறலை உலகமே படித்துத் தெரிந்து கொள்ளட்டும் என்று தான்! எதிராளியின் புத்தகத்தை மொழிபெயர்த்தே அவரை வீழ்த்தப் பார்த்த விஞ்ஞானி வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

1940 முதல் 22 ஆண்டுகள் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நடுநடுவே பிரேசில் நாட்டுக் காடுகளுக்குச் சென்று ஈ பிடித்தார். 1964ல், அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. 1968ல் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதிகம் போனால் சில ஆண்டுகள் தான் என்றனர் டாக்டர்கள். அடுத்த ஆண்டே நடாஷா மாரடைப்பில் காலமானார். டாப்ஜான்ஸ்கி ஓய்வு எடுக்கவில்லை. 1971ல் கலிபோர்னியாவில் உள்ள டேவிசுக்குக் குடிபெயர்ந்து, வேலையைத் தொடர்ந்தார். 1975ம் ஆண்டு டிசம்பர் 18ம் தேதி, 75வது வயதில் மறைந்தார்.

அரைகுறையாக நின்ற கேள்வி என்ன ஆயிற்று? 2001ல், முகமது நூர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரது குழுவினரும், டாப்ஜான்ஸ்கியின் அதே இரண்டு ஈக்களை மறுபடி எடுத்தனர். ஆண் ஈக்களை வாரிசு இல்லாமல் ஆக்கும் ஜீன்கள் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று தேடினர். கிட்டத்தட்ட எல்லாமே, தலைகீழாய்த் திரும்பிய துண்டுகளுக்குள் தான் இருந்தன!

காரணம் இது தான். அப்பாவிடம் இருந்து வந்த குரோமோசோமும், அம்மாவிடம் இருந்து வந்த குரோமோசோமும், முட்டை உருவாகும் நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, துண்டுகளை மாற்றிக் கொள்ளும். இரண்டு ரயில்கள் பெட்டிகளை மாற்றிக் கொள்வது போல. ஆனால், ஒரு ரயிலில் பெட்டிகள் திரும்பி இருந்தால், அந்த இடத்தில் மாற்றம் சரியாக நடக்காது. நடந்தாலும் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. 'ஏ'யும் 'பி'யும் ஒரே காட்டில் வாழும்போது, எப்போதாவது கலந்து விடுகின்றன. அக்கா ஈக்கள் வழியாக மற்ற ஜீன்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வரலாம். திரும்பிய துண்டுக்குள் இருக்கும் ஜீன்கள் மட்டும், பூட்டிய பெட்டிக்குள் வைத்தது போல் கலக்காமல் ஒன்றாகவே இருக்கும். இரண்டு இனங்களையும் பிரித்து வைக்கும் ஜீன்கள் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதால் தான், ஒரே காட்டில் வாழ்ந்தும் இரண்டும் ஒன்றாகி விடவில்லை. சூரியகாந்திச் செடிகள், கொசுக்கள் என்று வேறு பல உயிர்களிலும் இதே பூட்டை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர்.

2005ல், சூடோஅப்ஸ்க்யூரா ஈயின் மொத்த ஜீன் தொகுப்பும் எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டது. பழ ஈக்களில் அப்படிப் படிக்கப்பட்ட இரண்டாவது இனம் அது. சமையலறைப் பழ ஈயின் தொகுப்போடு அதை ஒப்பிட்டுப் பார்த்தனர். பெரும்பாலான ஜீன்கள் தங்களுடைய பழைய ரயிலை விட்டு வேறு ரயிலுக்குப் போகவில்லை. ஆனால், ரயிலுக்குள் பெட்டிகளின் வரிசை, நூற்றுக்கணக்கான இடங்களில் திரும்பித் திரும்பி மாறி இருந்தது.